பசை இறுகும் வரை

கறுப்புத் துண்டையும் வெள்ளைத் துண்டையும் கிள்ளி எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்ட ஆரம்பித்தபோது மணி பத்தேகால். தானியேல் அதைப் பார்த்திருக்க வேண்டியதில்லை. ஆனால் பத்து வருஷத்துக்கு மேல் இங்கிலாந்தில் ஒரு சோதனைக்கூடத்தில் எதைத் தொடும் முன்னாலும் நேரத்தைக் குறித்துப் பழகிய கண், தானாகவே ஜன்னல் வழியாக உள்ளே போய்ச் சுவர்க் கடிகாரத்தைத் தொட்டுவிட்டு வந்தது. எம்சீல் பசையைப் பிசைந்துவிட்டால் அரை மணி நேரம். தூத்துக்குடி வெக்கைக்கு அதுகூடக் கிடையாது, இருபது நிமிஷம், அதற்குள் வைக்க வேண்டிய இடத்தில் வைத்துவிட வேண்டும், இல்லையென்றால் கையிலேயே கல்லாகிவிடும். தகரக் கொட்டகை நிழலில் புது பைக் நடு ஸ்டாண்டில் நின்றது. சீட்டின் மேல் ஷோரூமில் போட்ட பிளாஸ்டிக்கைத் தம்பி எபனேசர் இன்னும் கிழிக்கவில்லை, இந்த ஊரில் யாரும் கிழிப்பதில்லை, அதுவாகக் கிழிந்து தொங்கும்வரை வண்டி புதுசு. முந்தாநாள் பாஸ்டர் வந்து ஜெபித்தபோது ஹாண்டில்பாரில் எண்ணெய் தொட்டு வைத்த விரல் தடம்கூட அப்படியே இருந்தது, அதன் மேல் இரண்டு நாள் கொண்டல் காற்று கடலிலிருந்து கொண்டுவந்த உப்பு மெல்லிசாகப் பூத்திருந்தது. இரண்டே நாள். காலையில் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு எபி கேட்டான், "அண்ணே, பழைய வண்டிக்குப் போட்ட மாதிரியே இதுக்கும் அந்த அடி ஓட்டையெல்லாம் அடைச்சுக் குடுத்துரு. நாளையிலேருந்து உப்பளத்துக்கு எடுக்கணும், உப்புத்தண்ணி உள்ள போயிரக் கூடாது பாத்துக்கோ." சரி என்று சொல்லிவிட்டான். வாயில் காப்பி இருந்தது, அதனால் சொன்னது சரி என்பதுகூட இல்லை, ஒரு தலையசைப்பு, ஒரு ம். அந்த ம்முக்குப் பின்னால் எழுந்து போய் முக்குக் கடையில் எம்சீல் வாங்கி வந்தது யார், கால்கள்தானே, கால்களுக்கு என்ன தெரியும்.

கறுப்பு இன்னும் கறுப்பாக, வெள்ளை இன்னும் வெள்ளையாக, புலிக்குட்டி மாதிரி வரிவரியாக இருந்தது உருண்டை. ஒரே சாம்பல் நிறமாகும்வரை பிசைய வேண்டும். பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால், முதல் லீவில் வந்திருந்தபோது, இதே கொட்டகையில் எபியின் முதல் வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டு அவன் இதையேதான் பிசைந்தான். அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம். எபிக்கும் பியூலாவுக்கும் கல்யாணமாகி நாலு மாசம், அவள் ஒரு முறத்தில் முருங்கைக்கீரையை வைத்து ஆய்ந்துகொண்டே, "அத்தான், அங்க இதத்தான் சொல்லிக் குடுக்காங்களா, ஓட்டை அடைக்க?" என்று தானியேலைப் பார்த்துச் சிரித்தாள். பின்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கிற இரும்புக் கவை, மெக்கானிக்குகள் சிம்டா என்பார்கள், அதன் அடிவயிற்றில் கடலை அளவில் பக்கத்துக்கு இரண்டு துளைகள். அளத்தின் வரப்பில் போகிற வண்டி, சக்கரம் வாரியடிக்கிற சேறு முழுக்க உப்பு, இந்தத் துளை வழியாக உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளாதா. கம்பெனிக்காரனுக்கு மூளை இல்லை, நமக்கு இருக்கிறது. அப்படித்தான் நினைத்தான். அப்போது அவன் வெறும் டிப்ளமாக்காரன், சீமையில் ஒன்றரை வருஷம் பெயின்ட் அறையில் டிராலி தள்ளியவன், ஆனால் தெருவுக்கு அவன் இங்கிலாந்து இன்ஜினியர். வழித்து, அழுத்தி, பெருவிரலில் எச்சில் தொட்டு மழுக்கி, துளை இருந்த சுவடே தெரியாமல் நாலையும் அடைத்தான். கையை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டு நிமிர்ந்தபோது எபி சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இனி இது கப்பல்லா!" என்றான். கப்பல். தண்ணீர் உள்ளே போகாத கப்பல். உள்ளே போன தண்ணீர் வெளியே வராத கப்பல் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

சொன்னது மூன்று வருஷம் கழித்து, ஐந்தாயிரம் மைல் தள்ளி, ஒரு பனிக்கால வெள்ளிக்கிழமை. அந்தச் சோதனைக்கூடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டி உண்டு, உள்ளே உப்புத் தண்ணீரைப் பனிமூட்டமாக அடிப்பார்கள், முப்பத்தைந்து டிகிரி சூடு, வண்டி உறுப்புகளைத் தொங்கவிட்டு எத்தனையாவது மணி நேரத்தில் முதல் செந்துரு எட்டிப் பார்க்கிறது என்று எழுதுவது அவன் வேலை. முதல் தடவை அந்தக் கதவைத் திறந்தபோது முகத்தில் அடித்த காற்று ஊர்க் காற்று. நாங்களெல்லாம் பிறந்ததிலிருந்து இந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறோம் என்று கூட இருந்தவர்களிடம் சொன்னான், சிரித்தார்கள். அங்கேயும் உப்புதான் தொல்லை. பனி உறையாமலிருக்க ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள், வண்டிப் பைத்தியங்கள் குளிர்காலம் முடிந்ததும் வந்து நிற்பார்கள், எத்தனை விலை கொடுத்து வாங்கினேன், போல்ட் தலையைப் பார், பூஞ்சை பிடித்தது மாதிரி. பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள், வெந்நீர் ஊற்றினால் உப்பு இன்னும் வேகமாகத் தின்னும் என்று அவன் பொறுமையாகச் சொல்வான். பிறகு ஒரு மெழுகு உண்டு, அதை உள்பக்கம் பீய்ச்சுவார்கள். உள்பக்கம்தான் எல்லாம். வெளியே பளபளவென்று மூன்று பூச்சு, குழாய்க்கு உள்ளே வெறும் இரும்பு, கட்டுமானம் நல்லதா மட்டமா என்பதைக் குழாயை அறுத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும். அந்த வெள்ளிக்கிழமை அறுத்துக் காட்டினார்கள். மூத்த இன்ஜினியர், ஐரீன் என்ற அறுபது வயதுக்காரி, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு பென்சில் முனையால் அந்தக் கடலை அளவுத் துளையைத் தொட்டுக் காட்டினாள். இரவில் குளிரும்போது குழாயின் உள்ளே காற்று வியர்க்கும், பற்றவைத்த இடுக்கு வழியாகவும் ஈரம் போகும், எதைச் செய்தாலும் போகும், நிறுத்த முடியாது, ஆகவே வடிவதற்கு வழி விடு. அங்கே அதற்கு அழும் துளை என்று பேர். தமிழில் சொன்னால் கவிதை மாதிரி ஆகிவிடும், அதனாலேயே அந்தப் பேரை அவன் யாரிடமும் சொன்னதில்லை. யாராவது இதை அடைத்து வைப்பார்களா என்று கூட நின்ற ஒருவன் கேட்டான். முட்டாள்கூடச் செய்ய மாட்டான் என்றாள் ஐரீன். தானியேல் குறிப்பு நோட்டில் அதையும் எழுதிக்கொண்டான், எழுத்து கொஞ்சம்கூடக் கோணவில்லை.

உருண்டை இப்போது சூடாகியிருந்தது, அது பிசைகிற சூடா அது தானாக இறுகுகிற சூடா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எபி போன் பண்ணுவான். அந்த வெள்ளிக்கு அடுத்த ஞாயிறு சொல்லிவிடுவது என்றுதான் இருந்தான். எபி, அந்தப் பசையை ஒரு ஸ்க்ரூடிரைவர் வைத்துக் குத்தி எடுத்துப் போடு, அவ்வளவுதான், எத்தனை வார்த்தை, பத்து வார்த்தை இருக்குமா. ஆனால் எபி லைனில் வந்ததுமே, "அண்ணே, வேதமுத்து அண்ணாச்சி வண்டிக்கு அடி எல்லாம் அரிச்சுப் போச்சு, நம்ம வண்டி கல்லு மாதிரி இருக்கு, எல்லாம் உன் கைவேலை" என்றான், பின்னாலிருந்து பியூலா, "கப்பல் மிதக்குது அத்தான்" என்று கத்தினாள். அடுத்த ஞாயிறு. அதற்கு அடுத்த ஞாயிறு. பிறகு லீவில் போகும்போது நானே எடுத்துவிடுகிறேன் என்று ஆயிற்று, அப்படி ஆனதும் மனசு லேசாகிவிட்டது, ஒரு காரியத்தைச் செய்யத் தீர்மானிப்பதும் செய்து முடிப்பதும் மனசுக்கு ஒன்றுபோலவே இருக்கிறது, என்ன மாதிரி இயந்திரம் இது. லீவில் வந்தான். குனிந்து அடியில் கை விட்டுத் தடவியும் பார்த்தான், பசை வழவழவென்று இருந்தது, நகத்தால் கீறினால் வரவில்லை, துளை போடுகிற மிஷின் கேட்டு அடுத்த வீட்டு வேதமுத்து அண்ணாச்சியிடம் போக வேண்டும், போனால் எதற்குத் தம்பி என்பார், தெருவே கூடும். மழை தூறியது. நாளைக்கு என்று எழுந்தான். மறுநாள் எல்லோரும் மணப்பாடு போனார்கள், கடலில் கால் நனைத்தார்கள், பியூலா சங்கு பொறுக்கினாள். நாளைக்கு என்பது அந்த லீவில் பதினெட்டு முறை வந்துவிட்டுப் போயிற்று.

"என்ன தம்பி, பெரிய ஆபரேஷனோ?" மதில் சுவருக்கு மேலே வேதமுத்து அண்ணாச்சியின் வழுக்கைத் தலை. எழுபது வயது, பனியனுக்கு மேல் துண்டு, வாயில் வேப்பங்குச்சி. "ஆமா அண்ணாச்சி" என்றான். "நல்லாப் போடு. முடிச்சதும் எஞ் சின்ன வண்டிக்கும் ஒரு உருண்டை போட்டுக் குடு. ஏ எபி, சீமையில படிச்ச கைய்யி, சும்மாவா? நாங்க பழைய ஆயிலையும் டீசலையும் கலந்து தடவிட்டு வேட்டியெல்லாம் கறை பண்ணிட்டுத் திரியுதோம்." உள்ளேயிருந்து எபியின் குரல், "அண்ணாச்சி, உங்க வேட்டிக் கறை வண்டியால வந்ததான்னு எங்க மதினி கிட்ட கேட்டுட்டுச் சொல்லுங்க." "போல எடுபட்ட பயலே" என்று தலை சிரித்துக்கொண்டே சுவருக்குப் பின்னால் இறங்கியது. எபி சிரிக்கிறான். நாலு வருஷத்துக்குப் பிறகு இந்த வாரம்தான் இப்படி வாய் திறந்து பேசுகிறான். வண்டி வாங்கிய சந்தோஷம் என்று தானியேல் நினைத்துக்கொண்டிருந்தான். வெளியே தெரிகிற பூச்சை வைத்து எதையும் சொல்லக் கூடாது என்று தெரிந்தும் நினைத்துக்கொண்டிருந்தான்.

நாலு வருஷம். ஏரலில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மத்தியானச் சாப்பாடு முடிந்து எபியும் பியூலாவும் வண்டியில் திரும்பி வருகிறார்கள். முத்தையாபுரம் தாண்டி நேர் ரோடு, ஒரு குழி கிடையாது, ஒரு திருப்பம் கிடையாது. விழுந்தார்கள். எபி ஒரு பக்கம் தெறித்தான், பியூலாவும் வண்டியும் மறுபக்கம், பின்னால் உப்பு ஏற்றி வந்த லாரி. ஆஸ்பத்திரியில் எபிக்கு நினைவு வந்தபோது எப்படி விழுந்தான் என்பது அவனுக்கு ஞாபகமில்லை. தூங்கிட்டியா என்று போலீஸ்காரர் கேட்டார். கல்யாணச் சாப்பாடு, மூணு மணி வெயில், நேர் ரோடு, வேறு என்ன காரணம் இருக்க முடியும். ஆமாம் சார் என்றான். அப்படியே எழுதிக்கொண்டார்கள். தானியேல் வந்து இறங்கியது மூன்றாம் நாள், அடக்கம் முடிந்திருந்தது. எபியின் சட்டை ஒன்று வேண்டும் என்றோ கையெழுத்து வேண்டும் என்றோ யாரோ சொல்ல அவன்தான் ஸ்டேஷனுக்குப் போனான். வேப்பமரத்தடியில் வண்டியைப் போட்டிருந்தார்கள். நசுங்கின டேங்க், வளைந்த ஹாண்டில், எல்லாம் லாரி செய்தது. சிம்டாவின் இடது கை முறிந்திருந்தது. உட்கார்ந்து பார்த்தான். முறிந்த விளிம்பில் கால்வாசிதான் பளிச்சென்று புது இரும்பு, மீதி முக்கால்வாசி பழுப்பு. பழுப்பு என்றால் பழைய முறிவு. லாரி வருவதற்கு எத்தனையோ நாள் முன்னாலேயே உள்ளிருந்து தின்று, கீறி, ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்ற இரும்பு. ஒரு குச்சியால் தொட்டான், அப்பளம் மாதிரி உள்ளே போயிற்று. அடியில் அவன் வைத்த பசை மட்டும் ஒரு சுருக்கம் இல்லாமல், பெருவிரல் ரேகை பதிந்தது பதிந்தபடி இருந்தது. "சார், வண்டியத் தொடாதீங்க" என்றாள் ஒரு கான்ஸ்டபிள் பெண். கையை எடுத்துக்கொண்டான். மோட்டார் வாகன ஆய்வாளர் பிரேக் சரியாயிருக்கிறது என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். இந்த உலகத்தில் அந்த விளிம்பை வாசிக்கத் தெரிந்தவன் அந்த மரத்தடியில் அன்றைக்கு ஒருவன்தான், அவன் எழுந்து மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். எபி கட்டிலில் கிடந்து, "அண்ணே, நான் கண்ணசந்துட்டேண்ணே" என்று கையைப் பிடித்தான். அப்போது என்ன சொன்னான். இதைத்தான் மனசு எத்தனை முறை வந்தாலும் தாண்டிப் போக மாட்டேன் என்கிறது, ஆணியில் மாட்டின சட்டை மாதிரி இந்த இடத்தில் வந்து மாட்டிக்கொள்கிறது. விடுடா, மனுஷனுக்கு வர்றதுதான் என்றான். மன்னித்தான். அவன், எபியை, மன்னித்தான்.

ஒருவேளை எபி தூங்கியும் இருக்கலாம். இது ஒரு கதவு, நாலு வருஷமாக இந்தக் கதவுக்குப் பின்னால்தான் குடியிருக்கிறான். சிம்டா முறியத் தயாராக இருந்தது உண்மை, ஆனால் அந்த நிமிஷம் அதுதான் முறிந்தது என்பதற்கு என்ன சாட்சி, விழுந்த அடியில் மீதிக் கால்வாசி முறிந்திருக்கலாமே, வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று, இனி எந்தச் சோதனைக்கூடமும் சொல்ல முடியாது. இங்கிலாந்துக்குத் திரும்பிப் போய் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அவள் இப்போது மகள் படிப்பு முடியும்வரை அங்கேயே இருக்கிறாள், இவன் மட்டும் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறான், தம்பி தனியாக இருக்கிறான் என்று காரணம் சொல்லிவிட்டு. வந்து நாலு மாசம். ஒரே கூரை, ஒரே சட்டி, எபி பொங்குகிறான், இவன் பாத்திரம் கழுவுகிறான், இரண்டு பேருக்கும் நடுவில் பியூலா மாட்டிய நாள்காட்டி ஆணி வெறுமனே சுவரில். உருண்டையில் இப்போது வரி இல்லை. ஒரே சாம்பல். இனி வைக்கலாம், இனிமேல்தான் வைக்க முடியும். வைக்காமலிருக்க ஒரு சின்னப் பொய் போதும், அதுவும் தயாராக இருக்கிறது, இந்த மாடலுக்கு வேண்டாம் எபி, கம்பெனியிலேயே உள்ளே பூசி அனுப்புறான். வண்டியும் பிழைக்கும், எபியும் பிழைப்பான், இவனும். அப்படிச் சொல்லிவிட்டு இந்த உருண்டையைச் சுவரில் எறிந்துவிட்டுப் போய்விடலாம். ஒருவரும் கேட்கப் போவதில்லை. வேதமுத்து அண்ணாச்சியிடமும் அதையே சொல்லலாம். எவ்வளவு சுளுவு, சுளுவான காரியம் எதைச் செய்தாலும் அவனுக்கு இப்போதெல்லாம் நெஞ்சுக்குள் ஒரு ஓரத்தில் மெல்ல அரிக்கிறது.

எபி தலையைத் துவட்டிக்கொண்டே படியிறங்கி வந்தான். "என்னண்ணே, ஒரு ஓட்டைய அடைக்க இங்கிலாந்து இன்ஜினியருக்கு இம்புட்டு நேரமா? நான்னா இதுக்குள்ள ரெண்டு அம்பாரம் உப்பு ஏத்தியிருப்பேன்." தானியேல் அந்தப் பொய்யை எடுத்து வெளியே வைத்தான், "இந்த மாடலுக்கு வேண்டாம்டா, கம்பெனிலயே..." எபி முடிக்க விடவில்லை. "அட, கம்பெனிக்காரனுக்கு அளம் தெரியுமா? பழசு ஒம்போது வருசம் துருவே காட்டல, நீ வச்சதாலதான். குடு, நீ உக்காரு, நானே வச்சிருதேன்." கையிலிருந்து உருண்டையைப் பிடுங்கிக்கொண்டு, "சுடுதே, இறுகப் போவுது" என்று சாக்கை இழுத்து விரித்தான். விரித்துக்கொண்டே, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான், "உங்கிட்ட சொல்லல. அத்தை போன் பண்ணிச்சு." பியூலாவின் அம்மா. நாசரேத்தில் இருக்கிறாள். நாலு வருஷமாக எபியின் குரல் கேட்டாலே போனை வைத்துவிடுகிறவள். "என்ன சொன்னாங்க?" "ஞாயித்துக்கிழமை அவங்க சபைக்கு வரச் சொன்னாங்க. எல்லார் முன்னாலயும் எந்திரிச்சு, 'நான் தூங்கினேன், அதனாலதான் உங்க மக போயிட்டா'ன்னு சொல்லணுமாம். சொல்லிட்டா வீட்டுக்குள்ள விடுதேன்னாங்க. அவ படம் மாட்டின அறையப் பாக்கலாம்னாங்க." எபியின் முகம் அலம்பின முகம், புருவத்தில் தண்ணீர், அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது, தானியேலுக்கு அதைப் பார்க்க முடியவில்லை. வண்டி வாங்கிய சந்தோஷம் இல்லை, இதுதான். "அதுக்குத்தாண்ணே அவசரமா வண்டியே எடுத்தேன். பஸ்ல போனா சரியா வராது. வண்டியில போய் அவங்க வாசல்ல எறங்கணும்." சொல்லிவிட்டுச் சாக்கில் மல்லாந்து படுத்து, தோளால் நகர்ந்து நகர்ந்து வண்டிக்கு அடியில் போய்விட்டான். முழங்காலிலிருந்து கீழே மட்டும் வெளியே தெரிந்தது. இடது பாதத்தில் அளத்து உப்பு தின்ற வெடிப்பு, சுண்டுவிரலில் நகம் இல்லை. "எங்க இருக்கு, ஆங், இருக்கு, நாலு" என்று எண்ணினான்.

நாலு. அவ்வளவுதான், இன்னும் ஒரு நிமிஷம் பேசாமலிருந்தால் போதும், நாலும் அடைந்துவிடும், அப்புறம் எபி தூங்கின பிறகு, தெரு அடங்கின பிறகு, ஒரு மிஷினை வாங்கி வந்து தானே திறந்துவிடலாம், நாளைக்கு. அந்த வார்த்தை வந்த உடனே அவனுக்கு மணப்பாட்டுக் கடற்கரையில் சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு சங்கு பொறுக்கக் குனிந்த பியூலாவின் முதுகு தெரிந்தது. "வைக்காத" என்றான். சாக்கின் பக்கம் ஓர் அடி வைத்தான். "எபி, வைக்காதடா." "ஏன், பக்கம் மாறிருச்சா?" என்றது அடியிலிருந்து. அந்தக் கால்களைப் பார்த்துத்தான் சொன்னான். முகம் தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டான், அதுவும் அவனுக்குத் தெரிந்தது. தண்ணீர் உள்ளே போகிற துளை இல்லை அது, வெளியே வருகிற துளை. நான் தெரியாமல் அடைத்தேன். மூன்று வருஷத்தில் தெரிந்துகொண்டேன். தெரிந்து உன்னிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் சொல்லவில்லை. லீவில் வந்தும் எடுக்கவில்லை. வேப்பமரத்தடியில் பார்த்தேன், உள்ளேயெல்லாம் அப்பளம் மாதிரி இருந்தது, லாரி வருவதற்கு முன்னாலேயே முக்கால்வாசி முறிந்திருந்தது. பார்த்துவிட்டு வந்துதான் உன்னிடம் விடுடா என்றேன். எந்த ஒழுங்கிலும் வரவில்லை, பின்னது முன்னதாக வந்தது, இடையில் ஐரீன் வந்தாள், பென்சில் வந்தது, பதினெட்டு 'நாளைக்கு' வந்தது. சொல்லி முடித்தபோது தகரக் கூரையில் ஒரு காகம் நடக்கிற சத்தம் கேட்டது.

இந்த முறை அவன் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அடிக்க வருவான் என்று எதிர்பார்த்தான். வந்தால் நல்லது. வண்டிக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது, எபியுடையதுதான், ஆனால் பத்து வயசில் காய்ச்சலில் கிடந்தபோது கேட்ட மாதிரி. "அப்ப நான் தூங்கலையா?"

ஆமாம், தூங்கவில்லை என்று சொல்லிவிடலாம். வாய் அதற்குத் திறந்தும்விட்டது. "தெரியலடா" என்றான். "தூங்கியும் இருக்கலாம். ஆனா முழிச்சிருந்தாலும் விழுந்திருப்ப. எவன் ஓட்டியிருந்தாலும் விழுந்திருப்பான்."

கால்கள் மெல்ல மடங்கி, பாதங்கள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன, குளிருகிறவனுக்கு மாதிரி. "பின்னால என்னமோ ஆடுதுங்கன்னு சொன்னா" என்றான் எபி.

"யாரு?"

"பியூலா. முத்தையாபுரம் தாண்டினதும். 'ரோடு அப்படி, சும்மா இரு'ன்னேன். 'இல்லங்க, ஓரமா நிறுத்திப் பாருங்க'ன்னா. என் முதுகுல தட்டினா." மூச்சு வாங்கினான். "இத நான் கனவுன்னுல்லாண்ணே நெனச்சிட்டுக் கெடந்தேன். தூங்குனவனுக்கு வந்த கனவுன்னு. ஒருத்தர்ட்டயும் சொன்னதில்ல. கனவுல வந்தத எப்படிச் சொல்ல?"

தானியேல் தரையில் முழங்கால் போட்டுக் குனிந்தான். சக்கரத்துக்கும் சைலன்சருக்கும் இடையில் எபியின் கன்னம் கொஞ்சம் தெரிந்தது, கண் தெரியவில்லை. கையை உள்ளே நீட்டினான். எபி அதைப் பிடிக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. "நீ செத்த நேரம் பேசாம இரு" என்றான். "அவ சொன்னது மறந்திரப் போவுது." பிறகு பியூலா சொன்ன அந்த வாக்கியத்தை, பின்னால என்னமோ ஆடுதுங்க, இன்னொரு தடவை சொன்னான், அண்ணனுக்காக அல்ல. மூன்றாவது தடவை சொல்லும்போது ஆடுதுங்க என்பதில் அவள் இழுக்கிற இழுப்பு வந்துவிட்டது.